மடியில் வைக்கும் மடக்குக் கத்திக்கு எந்த அலகு நல்லது?

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆடி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் மாங்கன்று ஒட்டும் வேலை தொடங்கிவிடும். ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் தோப்பு வைத்திருப்போரில் சிலர் கன்றை விலைக்கு வாங்காமல் தாங்களே ஒட்டிக்கொள்வது உண்டு. நல்ல மரத்திலிருந்து குச்சி எடுத்து, இறுக்கமாகக் கட்டுப்போட்டு, நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகும், மூன்றாவது வாரத்தில் பாதிக் குச்சிகள் கறுத்துவிடுவதைக் காணலாம். அப்போது மழையைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள். மடியில் கிடக்கும் கத்தியை எடுத்து அதன் வாயைப் பார்ப்பவர் குறைவு.

காலையில் உர மூட்டையின் தையலைப் பிரித்த கத்தி, மதியம் சொட்டு நீர்க் குழாயை அறுத்த கத்தி, அதே நாள் மாலை ஒட்டுக் கட்டவும் வந்து நிற்கிறது. அதன் வாய் வளைந்தும் பல் விழுந்தும் இருந்தால் வெட்டுப் பரப்பு மேடு பள்ளமாகிவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பச்சைப் படலம் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ஒட்டு பிடிக்கும். இடையில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் அங்கே காற்றும் நீரும் புகுந்து அழுகல் தொடங்கும். ஆகவே மடக்குக் கத்தி வாங்கும்போது பிடியின் பளபளப்பைப் பார்ப்பதைவிட அலகின் வடிவத்தைப் பார்ப்பது அவசியம்.

சந்தையிலும் இரும்புக் கடையிலும் கிடைக்கும் மடக்குக் கத்திகளின் அலகு பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். முதலாவது, வாய் வயிறு போல வளைந்து, முதுகு மெல்ல இறங்கி முனையில் சேர்வது. பழம் அரியவும் தோல் உரிக்கவும் இது நல்லது. இரண்டாவது, முதுகில் முனைக்கு அருகே ஒரு துண்டு வெட்டி எடுத்தாற்போல் இருந்து, முனை ஊசியாக நீண்டிருப்பது. வேட்டைக் கத்தி என்று இதைச் சொல்லி விற்பார்கள். பார்க்க அழகுதான், வயலில் இதற்கு வேலை இல்லை. முனை மெலிந்திருப்பதால் மூட்டைக் கயிற்றை நெம்பும்போதே ஒடிந்துவிடும். சட்டைப் பையில் கிடந்து தொடையைக் குத்துவதும் இதுவே. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தியைச் சினிமாவில் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, வாய் முழுவதும் அடிக்கோல் போல நேராக இருந்து, முதுகு மட்டும் முனையில் வளைந்து இறங்குவது. மேல்நாட்டில் இதை ஆட்டுக் குளம்பு அலகு என்று அழைப்பார்கள். குத்தும் முனை இல்லாததால் இதைக் குறையாக நினைப்பவர் உண்டு. உண்மையில் விவசாயிக்கு அதுவே லாபம். கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிறு முறுக்கிக்கொண்டு கண் பிதுங்கும் நேரத்தில், துள்ளும் உயிரின் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவே கத்தியை நுழைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஊசி முனைக் கத்தி இருந்தால் கயிறு அறுவதற்கு முன் கழுத்து கிழியும். நேர்வாய்க் கத்தியின் மொட்டை முனையை உள்ளே தள்ளி, வாயை வெளிப்பக்கம் திருப்பி இழுத்தால் கயிறு மட்டும் அறும். சாக்கு, பிளாஸ்டிக் குழாய், நிலப்போர்வைத் தாள், தர்ப்பூசணிக் காம்பு எல்லாவற்றுக்கும் இதன் வாய் அடி முதல் நுனி வரை வேலை செய்கிறது. தீட்டுவதும் எளிது, கல்லில் நேராகத் தள்ளி இழுத்தால் போதும்.

நான்காவது, கிளி மூக்குப் போல உள்பக்கம் வளைந்த அலகு. பன்னருவாளின் தம்பி என்று இதைச் சொல்லலாம். இழுத்து அறுக்கும் வேலைக்கு இதற்கு இணை இல்லை. கொடியிலும் செடியிலும் பக்கக் கிளை கழிக்க, மாங்காயைக் காம்போடு அறுக்க இது பயன்படும். பங்கனப்பள்ளிக் காயைக் காம்பு ஒட்ட ஒடித்தால் பால் வழிந்து தோல் கருகி, சந்தையில் விலை இறங்கும். ஓரிரு அங்குலக் காம்பு விட்டு அறுத்து, பிறகு காம்பை நீக்கிக் காயைக் கவிழ்த்துப் பால் வடியவிட வேண்டும். ஆனால் இந்த அலகால் பலகை மேல் வைத்து எதையும் வெட்ட முடியாது. தீட்டுவதற்கும் உருண்டைக் கல் வேண்டும்.

ஒரே ஒரு கத்திதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், மூன்று அங்குல நீளமுள்ள நேர்வாய் அலகே திருவள்ளூர் விவசாயிக்கு ஏற்றது. மாந்தோப்பு உள்ளவர் கூடுதலாக ஒட்டுக் கத்தி ஒன்றை வாங்கி, அதை வேறு எந்த வேலைக்கும் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஒட்டுக் கத்தியின் வாயும் நேர்தான். ஆனால் அது ஒரு பக்கம் மட்டுமே சாய்த்துத் தீட்டப்பட்டது. மறுபக்கம் கண்ணாடி போல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சியின் மேல் படிந்து செல்வதால் சீவல் ஒரே தளமாக விழுகிறது. இரு பக்கமும் சாய்வு உள்ள சாதாரணக் கத்தி கட்டைக்குள் குழிந்து போகும் அல்லது மேலே நழுவும். இடக்கைக்காரர் வலக்கைக்காரரின் ஒட்டுக் கத்தியை வாங்கினால் சாய்வு எதிர்ப்பக்கமாக அமைந்து வெட்டு கோணிவிடும். கடையிலேயே ஒரு வேப்பங்குச்சியைச் சீவிப் பார்த்துவிடலாம். வாய் நேராக இருக்கிறதா என்று அறிய, கண்ணாடிச் சில்லின் மேல் வாயை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். இடையில் ஒளி தெரிந்தால் அந்தக் கத்தி ஒட்டுக்கு உதவாது.

முளைத்து 10 முதல் 15 நாளான இளம் மாங்கன்றில் ஒட்டுவோர், கொட்டைக்கு மேல் சுமார் 5 செ.மீ. விட்டுத் தலையை வெட்டி, 4 செ.மீ. ஆழத்துக்கு நடுவே பிளந்து, ஆப்புப் போல் சீவிய குச்சியைச் செருகுகிறார்கள். தண்டு அப்போது கீரைத் தண்டு போல் இளசாக இருக்கும். மழுங்கிய கத்தி அதைப் பிளக்காது, நசுக்கும். ஆப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மரச்சிற்பம் போல் திரும்பத் திரும்பச் செதுக்கக் கூடாது. ஒரு தாய்மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இன்னொரு விஷயம் கவனிக்கத் தக்கது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருப்பதால், துண்டுக் கம்பி கிடைப்பது அரிதல்ல. கட்டடக் கம்பியைக் கொல்லரிடம் கொடுத்துக் கத்தி அடிக்கச் சொல்வோர் உண்டு. அது வீண் செலவு. ஐ.எஸ். 1786 தரப்படி, ஃபெ 500 வகைக் கட்டடக் கம்பியில் கரிமம் 0.30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வளைந்து கொடுக்க வேண்டிய கம்பிக்கு அதுவே சரி. வாய் நிற்கும் கத்திக்கு 0.6 விழுக்காடாவது வேண்டும். கம்பியின் மேல்தோல் கடினமாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஆலையில் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்ததால் வந்த கடினம் அது. உலையில் ஒரு முறை சிவந்ததும் போய்விடும். லாரிப் பட்டையில் அடித்த கத்தி இதைவிடப் பல மடங்கு மேல். எந்தக் கத்தியானாலும் மின்சாணையில் பிடிக்கும்போது வாய் நீலம் பூத்தால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்ட வேண்டும்.

மடக்குக் கத்தியால் வரும் காயங்களில் மோசமானது, அலகு தானாக மடிந்து விரலை வெட்டுவது. வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் அலகு, முனையை ஊன்றி அழுத்தினால் மடியும். பூட்டு உள்ள கத்தியே வயலுக்கு ஏற்றது. பிரான்ஸ் நாட்டில் 1890-ஆம் ஆண்டு முதல் விவசாயிகளுக்காக மரப்பிடிக் கத்தி செய்துவந்த ஒப்பினெல் நிறுவனம்கூட, 1955-இல்தான் திருகிப் பூட்டும் வளையத்தைச் சேர்த்தது. அந்த வளையக் கத்தி இங்கும் சில கடைகளில் கிடைக்கிறது. மண்ணோ சாணமோ பட்ட கத்தியால் காயம் ஏற்பட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ரண ஜன்னித் தடுப்பூசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரப்பில் பாம்பு கடித்தவரின் காலைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்றும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் விடவில்லை. கீறினால் விஷம் வெளியேறாது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையாமல் போவதால் அந்தக் கீறலே உயிருக்கு உலை வைக்கும். கத்தியை மடியிலேயே விட்டுவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயம் சிலருக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் குறிப்பிடுவது, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதிலும் விலக்கு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்தக் கணக்கில் வராது. பொத்தானை அமுக்கினால் பாயும் கத்தியை வாங்காமல் இருப்பது நல்லது. அதற்கு வயலில் வேலையும் இல்லை, போலீசாரிடம் விளக்கம் சொல்லும் தொல்லையும் உண்டு.

விடியலில் வயலைப் பார்த்துவிட்டுப் பகல் ஷிப்டுக்குத் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், ஆலை வாசலில் கத்தியைக் கொடுத்துவிட்டு மாலையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மாம்பாலைத் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பம்ப்செட் அறையில் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம்.