புள்ளியியல் படித்தால் புற்றுநோய்க்கு என்ன செய்யலாம்?

அன்புள்ள யாழினிக்கு,

மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, இனி கணக்குதான் என்று எழுதியிருந்தாய். புற்றுநோய் ஆராய்ச்சி ஆசையை அதற்காக மூட்டை கட்டி வைக்காதே. நீ குடியிருக்கும் செமினியிலேயே, நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்தில் ஹோ வியாங் கீ என்ற புள்ளியியலாளர் இருக்கிறார். சுபாங் ஜெயாவில் உள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா ஆய்வாளர்களோடும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மைய மருத்துவர்களோடும் சேர்ந்து மார்பகப் புற்றுநோயை ஆராய்கிறவர்.

அவர்கள் சேர்ந்து செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் பிஆர்சிஏ மரபணுவில் உள்ள நோயாளிகளுக்கென்று தனி மருந்துகள் வந்துவிட்டன. யாரிடம் அந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால் அவருடைய அக்கா, தங்கை, மகளையும் முன்கூட்டியே எச்சரிக்கலாம். ஆனால் வருகிற எல்லாருக்கும் சோதனை செய்யப் பணமும் போதாது, மரபணு ஆலோசகர்களும் போதாது. யாரை முதலில் அனுப்புவது? அதைக் கணிக்கும் கருவிகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களை வைத்து உருவானவை. நம் பக்கத்துப் பெண்களுக்கோ இந்நோய் இளம் வயதிலேயே வருவது அதிகம். வயதை மட்டும் வைத்துப் பிரித்தால் கூட்டம் குறையாது.

எனவே 8,162 ஆசிய நோயாளிகளின் சோதனை முடிவுகளை வைத்துப் புதிய கணிப்பானை உருவாக்கி 2022இல் வெளியிட்டார்கள். நோய் கண்ட வயது, இனம், குடும்ப வரலாறு எல்லாம் அதில் உண்டு. கூடவே கட்டியின் 'கிரேடு'. உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகிவிட்டன என்று நுண்ணோக்கியில் பார்த்து, நோயியல் அறிக்கையில் 1 முதல் 3 வரை போடும் எண் அது. அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு என்று மருத்துவருக்குத் தெரியும். மற்ற விவரமெல்லாம் தெரிந்த பிறகும் அது புதிதாக எதையாவது சொல்கிறதா என்று சோதிப்பது புள்ளியியலாளர் வேலை. சொன்னது. 45 வயதுக்குக் கீழ் என்ற வழக்கமான விதியோடு கிரேடையும் சேர்த்தபோது, சோதனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் 37 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைந்தார்கள். ஆயிரம் நோயாளிகளுக்கு நாற்பது பேர். மருத்துவமனை வரிசையில் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

இனி நீ கவனிக்க வேண்டியது. குடும்ப வரலாறு என்ற கட்டம் படிவத்தில் காலியாக இருந்தால், யாருக்கும் நோயில்லை என்று பொருளா, யாரும் கேட்கவில்லை என்று பொருளா? கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். நம் வீடுகளில் "பாட்டி வயித்து வலியில போயிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருந்தால் கணிப்பே மாறும். இதை எந்தச் சூத்திரமும் உனக்குச் சொல்லாது. நோயாளியின் எதிரே உட்கார்ந்து படிவம் நிரப்பிய தாதியிடம் கேட்டால்தான் தெரியும்.

மருத்துவர்களுக்கும் நீ சொல்ல வேண்டியது இருக்கிறது. இதே குழு, வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2020இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க ஐரோப்பியப் பெண்களுக்காக உருவான மரபணு மதிப்பெண் ஆசியப் பெண்களுக்கும் பொருந்துமா என்பது கேள்வி. நோயுற்ற 17,262 பேரையும் நோயற்ற 17,695 பேரையும் ஒப்பிட்டார்கள். பொருந்துகிறது என்று தெரிந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் இடையே வேறுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. சான்று கிடைக்காததும் வேறுபாடே இல்லாததும் ஒன்றல்ல. ஒரு பிரிவில் ஆள் குறைவாக இருந்தால் சிறிய வேறுபாடு கண்ணில் படாது. இந்தியப் பெண்கள் ஆய்வுகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே நிகழ்தகவைக் கரைத்துக் குடி. கூடவே ஒரு நோயியல் அறிக்கையை வாசிக்கவும் பழகு. தரவெல்லாம் சேர்த்து முடித்துவிட்டு, "கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுங்கள்" என்று மருத்துவர் உன்னைத் தேடி வருவார். அடுத்த முறை படிவம் அச்சிடும் முன்பே கூப்பிடச் சொல். அப்போது கேட்காமல் விட்ட கேள்விக்குப் பின்னால் எந்தக் கணக்காலும் பதில் வாங்க முடியாது. விண்ணப்பத்தில் புள்ளியியலை முதல் தெரிவாகவே போடு.

அன்புடன்,
மாமா
கிள்ளான்