தையலுக்கு ஓர் இடம்

உண்ணும் உணவை விளைவிக்கும் உழவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். உடுக்கும் உடையைத் தைத்துத் தருவோரை நினைப்பவர் எத்துணையர்? மாணவர்களே! அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் மாணவர்க்கு எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் வழங்கப்பெறுகின்றன. அவற்றை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் தைத்துத் தருகின்றனர். அவருள் பலர் தத்தம் இல்லத்திலிருந்தே தைப்பவர். நீங்கள் இளவகுப்புகளில் அணிந்த சட்டையின் மடிப்புக்குள் ஒரு தாயின் உழைப்பு மறைந்திருந்தது என்பதை மறவாதீர்கள்.

தையற்கலை தமிழகத்திற்குப் புதியதன்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழில்வல்லாரோடு துன்னகாரரையும் சேர்த்து எண்ணுகிறது சிலப்பதிகாரம். துன்னகாரர் என்பார் தையற்காரர். இக்காலத்தில் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்கள் தையலுக்குப் பெயர்பெற்றவை. ஆவடியில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உடைத் தொழிற்சாலை நம் படைவீரர்க்குச் சீருடை தைத்து வருகிறது. 1964ஆம் ஆண்டில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆயத்த ஆடை தைக்கும் நிலையங்கள் உள்ளன. இவ்வூர்களின் தெருக்களில் நடந்து செல்வோர் செவிகளில் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து தையற்பொறியின் ஓசை விழாமற் போகாது.

இயந்திரப் பெருக்கத்தை வெறுத்த காந்தியடிகள், 1924ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையற்பொறிக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு இரங்கிய அன்பே அப்பொறியைப் படைத்தது என்பது அவர் கருத்து. பொறி கையின் உழைப்பைக் குறைத்தது உண்மையே. ஆயின் முதுகின் வருத்தத்தையும் கண்ணின் வருத்தத்தையும் அது குறைத்ததா?

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ இராமாசினி என்பவர், தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். குனிந்தே அமர்ந்திருக்கும் தையற்காரர் முதுகு கூனிப் போவதை அவர் அந்நாளிலேயே கண்டு கூறினார். தொடையின் குறுக்கே செல்லும் நீண்ட தசை ஒன்றுக்கு மேலைநாட்டார் இட்ட ‘சார்டோரியஸ்’ என்னும் பெயரும் தையற்காரரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே பிறந்ததாகும். கால்களை மடித்து அமர உதவும் தசை அது. உழைப்பவர் உடலுக்கு ஏற்பக் கருவியையும் இடத்தையும் அமைக்கும் முறையை ஆராயும் அறிவியல், இக்காலத்தில் பணிச்சூழலியல் எனப்படுகிறது. அதனை நூல்வழி அறியாத ஒரு மாணவி, தன் வீட்டில் செயலிற் காட்டியதை யான் நேரிற் கண்டேன்.

அம்பத்தூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழும் அம்மையார் சீருடையும் இரவிக்கையும் தைத்துக் குடும்பத்தைத் தாங்குபவர். கூடத்தின் மூலையில், சுவரைப் பார்த்தவாறு கிடந்தது அவருடைய மிதிபொறி. உட்கார ஒரு குட்டை முக்காலி. வெளிச்சத்துக்குத் தலைக்குப் பின்னே ஒரு விளக்கு. தோளும் கழுத்தும் நொந்து, இரவில் உறங்க இயலாத நிலை வந்தது. “தையலையே விட்டுவிடலாமா என்று எண்ணுகிறேன், ஐயா” என்று ஒருநாள் என்னிடம் கண்கலங்கினார். பத்தாம் வகுப்புப் பயிலும் அவர் மகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இத்தனை நாளும் நீ ஊரையெல்லாம் அளந்தாய். இன்று நான் உன்னை அளக்கிறேன்” என்று கூறி அளவு நாடாவை எடுத்தாள். பொறியின் மேற்பலகை தரையினின்று 76 செ.மீ. உயரம், முக்காலி 38 செ.மீ. அதில் அமர்ந்தபோது தாயின் முழங்கை தரையினின்று 60 செ.மீ. உயரத்திலேயே இருந்தது. பலகை 16 செ.மீ. மேலே இருக்கவே, அவர் நாள்முழுதும் தோளைத் தூக்கியே தைத்து வந்தார். மகள் முக்காலியை நீக்கி, முதுகு சாயும் மர நாற்காலி ஒன்றில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, இருக்கையை 48 செ.மீ. ஆக்கினாள். மிதிபலகையும் தரையினின்று சற்று உயர்ந்திருப்பதால் கால்கள் அதில் நன்றாகப் படிந்தன. தோள் தாழ்ந்தது.

அடுத்து, தாய் மேசையின் நடுவுக்கு நேராக அமர்வதை அவள் கண்டாள். ஊசியோ இடப்பக்கம் உள்ளது. ஆதலால் இடுப்பு ஓயாமல் திரும்பியிருந்தது. நாற்காலியை ஊசிக்கு நேரே நகர்த்தினாள். பின்னர்ப் பொறியைச் சாளரத்தருகே கொணர்ந்து, ஒளி இடப்பக்கமிருந்து விழுமாறு திருப்பினாள். தலையின் நிழலும் கையின் நிழலும் துணியை விட்டு அகன்றன.

தரையில் குனிந்து துணி வெட்டும் வழக்கத்தையும் அவள் மாற்றினாள். நிற்கும்போது தாயின் முழங்கை 100 செ.மீ. உயரம். வெட்டும் பலகை அதற்குச் சற்றுத் தாழ்ந்திருத்தல் நன்று. எனவே 75 செ.மீ. உயரமுள்ள பழைய மேசையின் கால்களை, குழி வெட்டிய 15 செ.மீ. மரக்கட்டைகளில் அசையாதபடி நிறுத்தி, அதனை 90 செ.மீ. ஆக்கினாள். கத்தரிக்கோல், நூற்கண்டு, ஊசி முதலியவை கைக்கெட்டும் தொலைவில் அமைந்தன. இஸ்திரிப் பெட்டியை மட்டும் எதிர்மூலையில் வைத்தாள்.

“அதனை ஏன் அம்மா அத்துணைத் தொலைவில் வைத்தாய்?” என்று வினவினேன்.

“அதற்காகவேனும் அம்மா அரைமணிக்கொரு முறை எழுந்து நடப்பாள், ஐயா, நடக்கும்போது தெருவிலுள்ள வேப்பமரத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்” என்றாள் அச்சிறுமி.

அவ்வறையில் புதிதாய் வாங்கிய பொருள் ஒன்றுமில்லை. மரக்கட்டைகளும் தச்சர் கழித்த துண்டுகளே. தோள்வலி ஒரு நாளில் நீங்கவில்லை. ஆயினும் சில திங்களில் அம்மையார் நன்றாக உறங்கத் தொடங்கினார். தையலைக் கைவிடும் எண்ணமும் மறைந்தது.

தையல் என்னும் சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. நம் இல்லங்களில் பொறிக்கு ஒரு மூலையைத் தந்தோம். அதில் உழைக்கும் தையலுக்கு இடம் தந்தோமா? மாணவர்களே! இன்று வீடு சென்றதும், உங்கள் அன்னையோ தந்தையோ வேலை செய்யும் இடத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். அம்மி, அடுப்பு, எழுதும் மேசை, தையற்பொறி ஆகிய எதுவாயினும், அதன் உயரத்தையும் அங்கு விழும் ஒளியையும் ஆராயுங்கள். பிறர் உடலுக்கு அளவெடுத்தே வாழ்நாளைக் கழிப்பவர்க்கு, அவர் உடலின் அளவறிந்து ஓர் இடம் அமைத்துத் தருதல் நம் கடமையன்றோ?