வாய்ப்புண்ணுக்கும் தேதி குறித்து வை

அன்பு மாப்ளே அருண்,

நேற்று உன் அம்மா போனில் அழாத குறை. பிள்ளைக்கு நாக்கோரம் புண்ணாம், சாப்பாடே இறங்கவில்லையாம். பெங்களூரின் வெல்லச் சாம்பாரே எரிகிறதென்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

மணத்தக்காளி வற்றல் பார்சலில் வருகிறது. சாப்பிடு, தப்பில்லை. சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பெயரை வற்றல் தட்டிக்கொண்டு போகும். உனக்கு மூன்று வாரம் தாண்டிவிட்டது என்கிறாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

லேபில் காலம் தள்ளியவன் நான். ஆறாத புண் என்றால் கூர்மையான பல், புகையிலை, டிபி, புற்றுநோய் என்றுதான் எல்லோருக்கும் யோசனை போகும். ஹிஸ்டோபிளாஸ்மா என்று ஒரு பூஞ்சை உண்டு, அது நினைவுக்கே வராது. பறவை, வௌவால் எச்சம் ஊறிய மண்ணில் வளரும். தூசியோடு நுரையீரலுக்குள் போய், சிலருக்கு ரத்தத்தில் கலந்து நாக்கிலும் அண்ணத்திலும் தோலிலும் புண்ணாக வெடிக்கும். 1905-இல் பனாமாவில் சாமுவேல் டார்லிங் முதன்முதலில் பார்த்தபோது, இறந்துபோன தச்சருக்கு டிபி என்றே தோன்றியதாம். நம் நாட்டில் 1954-இல் கல்கத்தாவில் பாஞ்சாவும் சென்னும் முதல் நோயாளியைப் பதிவு செய்தார்கள். கங்கைச் சமவெளியில்தான் அதிகம்; தெற்கே அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் பிடிக்கும் என்றும் இருந்துவிடாதே. சர்க்கரை, எச்ஐவி எதுவுமில்லாத திடகாத்திரமான ஆட்களுக்கும் வந்திருக்கிறது.

உனக்கு அதுதான் என்று சொல்லவில்லை, பயப்படாதே. என் கோபமெல்லாம் மெடிக்கலில் நீயாகக் கேட்டு வாங்கிய டியூப் மேல்தான். வாய்ப்புண் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். எரிச்சல் அடங்கும், அடியில் பூஞ்சை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். புண்ணிலிருந்து துளி சதை எடுத்து வெள்ளிச் சாயம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். 300 கிருமிகளை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர்தான் வரும், அவ்வளவு பொடிசு. கண்டுபிடித்துவிட்டால் இட்ரகொனசோல் இருக்கிறது. மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், ஆனால் குணமாகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது; ரூம்மேட்டை விரட்டிவிடாதே.

இனிமேல் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார். யாரும் படம் பிடிக்கப் போவதில்லை. புண் தெரிந்தால் அந்தத் தேதியைப் போனில் குறித்துக்கொள். ஆபீஸ் மீட்டிங்கையெல்லாம் குறிக்கிறாயே. பிஜி பால்கனியில் புறாக்கூட்டம் என்றாயே, அந்த எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதே. தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அள்ளு.

மார்க்கெட் பக்கம் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போ. அந்த டியூபையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டு, எத்தனை நாள் தடவினாய் என்பதை மறைக்காதே. சதை எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கே எடுக்கச் சொல். முடிந்ததும் முதலில் எனக்குப் போன் பண்ணு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா