ஒரே இடம்... ஆறு பருவம்! கேமரா காட்டும் ஆரோக்கியப் பாடம்

"இன்று என்ன தேதி?" என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். "இது என்ன பருவம்?" என்று கேட்டால்? 'வெயில் காலம், மழைக்காலம்... வேற என்ன டாக்டர் இருக்கு?' என்று என்னையே திருப்பிக் கேட்பவர்கள் உண்டு.

நம் முன்னோர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். சித்த மருத்துவர் பத்தியம் சொல்வதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தே பழகலாம். அதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது: செல்போன் கேமரா!

மாதம் ஒரு படம்

கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, எதிரே வங்கக்கடல். கடற்கரையில் ஓர் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் வாரத்திலும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், சூரியன் உதிக்கும்போது ஒரு படம் எடுங்கள்.

ஆனியில் சூரியன் நேர்க் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும். ஆனியில் 5.45 மணிக்கே விடிந்துவிடும். தையில் 6.30 தாண்டிவிடும். கூதிரில் கடல் கலங்கி, அலை கரையை அரித்திருக்கும். இளவேனிலில் பனைமரங்களில் நுங்குக் குலை தொங்கும்.

கடல் பக்கத்தில் இல்லையா? பரவாயில்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. கார்த்திகையில் தண்ணீரும் பறவையுமாக நிற்கும் ஏரியா இது என்று முதுவேனிலில் கேட்கத் தோன்றும். அதுவும் முடியாதவர்களுக்கு மொட்டைமாடியிலிருந்து தெரியும் வேப்பமரம் போதும்.

உடம்புக்கு என்ன லாபம்?

வெளியே மாறுவது உள்ளேயும் மாறுகிறது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. வாதம் முதுவேனிலில் சேர்ந்து, காரில் மிகும். மூட்டு வலி, வாயுத் தொல்லை எட்டிப் பார்க்கும். அப்போது சுக்கு, மிளகு, பெருங்காயம் சேர்த்த சூடான உணவு நல்லது. பித்தம் காரில் சேர்ந்து, கூதிரில் மிகும். காரம், புளிப்பைக் குறையுங்கள். கபம் பின்பனியில் சேர்ந்து, இளவேனிலில் மிகும். தூதுவளை ரசம் கைகொடுக்கும். முதுவேனிலுக்கு நீர்மோர்.

எனவே, படம் எடுத்த அன்றே ஒரு நோட்டில் நான்கு விஷயம் குறித்து வையுங்கள்: தூக்கம், பசி, மலம், வலி. எடுத்த தேதியை செல்போனே பதிவு செய்துகொள்ளும். இரண்டு ஆண்டு சேர்ந்தால், 'இந்த வலி வருஷா வருஷம் புரட்டாசியில்தான் வருது' என்பது உங்களுக்கே புரியும். இது தெரியாமல்தான் பலர், 'மருந்து கேட்கலை' என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து! நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அவர் சொல்லாமல் மாற்றவே கூடாது.

இன்னொரு லாபம். 'தினமும் வாக்கிங் போங்க' என்றால் ஒரே வாரத்தில் அலுத்துவிடுகிறது. ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்த் தனியாக இருக்கும் பெற்றோர்கள், 'எங்க போறது, எதுக்குப் போறது?' என்கிறார்கள். படம் எடுக்க என்று கிளம்பினால் போக ஓர் இடம் கிடைக்கிறது. நடையும் வருகிறது, காலை வெளிச்சமும் கிடைக்கிறது. அந்த வெளிச்சம் இரவுத் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும்.

கவனம் தேவை

* ஏறிய வெயிலில் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்.
* மூட்டு வலி உள்ளவர்கள் மணலில் வெகுதூரம் நடக்க வேண்டாம்.
* கரையில் வேலை செய்யும் மீனவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.
* அணுமின் நிலையத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.
* உப்புக் காற்று பட்ட லென்ஸை மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

நல்ல படம் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். போட்டிக்கா அனுப்பப் போகிறோம்? பன்னிரண்டு படங்களை வரிசையாக வைத்துப் பேரக்குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஆறு பருவங்களின் பெயரும் அவர்கள் நாக்கில் தானாக ஒட்டிக்கொள்ளும். வருகிற மாதப் பிறப்பிலேயே ஆரம்பித்துவிடுங்களேன்!