உழைக்கும் பெற்றோரும் குடும்ப உணவும்

நாட்டின் உணவு நிலையைத் தானிய உற்பத்தியைக் கொண்டு அளப்பது நெடுநாளைய வழக்கம். அந்த அளவில் நாம் அடைந்துள்ள முன்னேற்றம் பெரிது. ஆயினும், களஞ்சியம் நிறைந்த அளவுக்கு உடல்நலம் நிறையவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்தது. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் இது 67 விழுக்காடு. அதே ஆய்வில், பெண்களில் 24 விழுக்காட்டினர் மிகை எடை உடையவராகக் காணப்பட்டனர். குறைவும் மிகையும் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே வீட்டில், அருகருகே நிற்கின்றன.

இந்நிலைக்கு வறுமையும் அறியாமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை உண்மையே. ஆனால் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதுவே நேரமின்மை.

நேரமும் ஊட்டச்சத்தும்

2019ஆம் ஆண்டு மத்திய அரசின் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதைக் காட்டியது. அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்விலும் பெண்களின் வேலை நேரம் 10 நிமிடமே குறைந்திருந்தது. அலுவலகத்திற்கோ வயலுக்கோ ஆலைக்கோ சென்று திரும்பும் தாய் இந்த ஐந்து மணி நேரத்தைத் தன் உறக்கத்திலிருந்தும் தன் உணவிலிருந்தும் எடுத்துத் தரவேண்டியிருக்கிறது. காலை உணவுக்குப் பதில் தேநீரும் பிஸ்கட்டும், குழந்தைக்கு உறையில் அடைத்த தின்பண்டமும் இடம் பெறுவது இதன் விளைவு. ஆதலின், சத்துணவு பற்றிய அறிவுரை எதுவும் நேரக் கணக்கைப் புறக்கணித்தால் பயன் தராது.

ஒரு நாளைய உணவு

1918இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், மக்காரிசன் என்ற மருத்துவரின் தலைமையில், ஒரே அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவே இன்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்துள்ளது. இந்நிறுவனம் 2024இல் திருத்திய உணவு நெறிகளை வெளியிட்டது. இதன்படி நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் போதுமானவை.

தானியத்திலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது இந்நெறி. நம் மக்களின் உணவிலோ 50 முதல் 70 விழுக்காடு ஆற்றல் தானியத்திலிருந்தே வருகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் நபர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதி செய்கிறது. பருப்பையும் காய்கறியையும் பெரும்பாலும் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. எனவே, சோற்றையோ ரொட்டியையோ சிறிது குறைத்துப் பருப்பைக் கூட்டுவதே முதற்படி. மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு சேர்ந்தால், ஒன்றில் குறைவான அமினோ அமிலத்தை மற்றொன்று நிறைவு செய்யும்.

குறைந்த நேரத்தில் நிறைந்த உணவு

விரைவான உணவு அனைத்தும் கடையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் உழைப்பாளர் உருவாக்கிய எளிய உணவுகள் உள்ளன. பீகாரில் ‘சத்தூ’ எனப்படும் வறுத்த கடலை மாவுக்கு அடுப்பே தேவையில்லை. நீரும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்தால் உணவாகிவிடும். அதன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மகாராஷ்டிரத்தின் அவல் உணவில் வேர்க்கடலையும் எலுமிச்சைச் சாறும் சேர்கின்றன. அரிசியும் பருப்பும் காயும் ஒரே பாத்திரத்தில் வேகும் கிச்சடி வடநாடெங்கும் உள்ளது. தென்னாட்டில் ஒருநாள் அரைத்த இட்லி மாவு மறுநாளைக்கும் உதவும். முளைகட்டிய பயறு இரவிலேயே ஆயத்தமாகிவிடும்.

கூடுதல் நேரமோ செலவோ வேண்டாத ஒரு மாற்றம் இங்குக் குறிப்பிடத்தக்கது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்த்து, எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றை உணவோடு சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். சோகை மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துவதும், ஊறுகாய், அப்பளம், உறைத் தின்பண்டங்களைக் குறைப்பதும் இரத்த அழுத்தத்தைத் தடுக்க உதவும். இவற்றுடன் வாரத்தில் ஐந்து நாட்கள் அரைமணி நேர விரைவு நடையும் போதிய உறக்கமும் பெற்றோருக்கு இன்றியமையாதவை. குழந்தைகளுக்குப் பரிமாறியபின் எஞ்சியதை மட்டும் உண்ணும் தாயின் வழக்கம் தியாகமாகப் போற்றப்படுவது நிறுத்தப்பட வேண்டும். சோகையுற்ற தாய்க்குக் குறைந்த எடையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி.

குடும்பத்தின் பங்கும் நிர்வாகத்தின் பங்கும்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலுடன் மசித்த பருப்பு, காய், முட்டை முதலியன தேவை. மேற்கூறிய குடும்பநல ஆய்வில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் 11 விழுக்காட்டினரே என்பது கவலைக்குரியது. தாய் பணிக்குத் திரும்பும் காலமும், குழந்தை திட உணவு தொடங்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாக அமைகின்றன. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஆனால் உழைக்கும் பெண்களில் பெரும்பான்மையினர் அமைப்புசாராத் துறையினர். அவர்களுக்கு அங்கன்வாடியே துணை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் வழிவந்த இம்மையங்கள், தாயின் வேலை முடியும் வரை திறந்திருந்தால்தான் அவளுக்கு முழுப் பயன் அளிக்கும். அங்கன்வாடியையும் காப்பகத்தையும் இணைக்கும் ‘பால்னா’ திட்டம் இத்திசையில் ஒரு படி.

வட்டார அலுவலர்கள் சத்துணவு விளக்கக் கூட்டங்களுக்குத் தாய்மாரை மட்டும் அழைப்பது வழக்கம். தந்தையரையும் அழைத்தல் வேண்டும். காய் நறுக்குதல், பயறு ஊறவைத்தல், குழந்தைக்கு ஊட்டுதல் ஆகியவற்றை இருவரும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், தாய்க்கும் உட்கார்ந்து உண்ண நேரம் கிடைக்கும். தானியத்தைப் பங்கிடுவதில் நாம் பெற்றுள்ள அனுபவம் பெரிது. வீட்டு வேலையைப் பங்கிடுவதிலும் அத்தகைய அக்கறை பிறந்தால்தான், களஞ்சியத்திலுள்ள வளம் குழந்தையின் உடலை அடையும்.