தடத்தில் ஓடிய காரை விற்பது குறித்து

அன்பு மருமகனுக்கு, மும்பை சீத்தா கேம்ப்பிலிருந்து மாமன் எழுதும் கடிதம்.

பந்தயத் தடத்திலும் பொதுச் சாலையிலும் ஓடுவதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட காரை விற்பது, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரை விற்பதிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. அதன் மதிப்பைக் கணிக்க வழக்கமான செகண்ட் ஹேண்ட் விலைக் கணக்கு உதவாது என்பது ஒன்று. அதில் செய்த மாற்றங்களில் சில பொதுச் சாலைக்குச் சட்டப்படி ஏற்றவை அல்ல என்பதால், வண்டியோடு சேர்ந்து ஆபத்து ஒன்றும் இன்னொருவர் கைக்குப் போகிறது என்பது மற்றொன்று. மருமகன் தம் போலோ ஜிடி டிஎஸ்ஐயை விற்க முடிவெடுத்து விலையைப் பற்றி மட்டுமே ஆலோசனை கேட்டிருப்பதால், கேட்கப்படாத இரண்டாவது விஷயத்தைப் பற்றியே இக்கடிதம் பெரிதும் பேசுகிறது.

இந்தக் காரின் இயல்பு முதலில் கவனிக்கத்தக்கது. 2013-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் எஞ்சினுக்குள் டர்போ மூலம், அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறியைக் கொண்டு கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்துவதன் மூலம், 105 குதிரைத்திறனையும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும் தந்தது. அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி என்பது இரண்டு கிளட்சுகளை மாறி மாறிப் பயன்படுத்தித் தானே கியர் மாற்றிக்கொள்ளும் அமைப்பு. புணேவுக்கு அருகே சாகனில் நடந்துவந்த போலோ உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டதால், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரு ஜிடியைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தேடுவது கை படாத வண்டியைத்தான். ரீமேப், அதாவது எரிபொருளையும் டர்போ அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி எஞ்சினின் திறனைக் கூட்டும் வேலை, மருமகனுக்குப் பெருமைக்குரியதாக இருக்கலாம். வாங்க வருபவருக்கோ அது முதலில் எழும் ஐயம். செலவழித்த பணம் அப்படியே விலையில் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பை மாற்றியமைத்த வண்டி விஷயத்தில் விட்டுவிடுவது நல்லது.

தடத்தில் ஓட்டியதை மறைக்க வேண்டிய கறையாகக் கருதத் தேவையில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்திலிருந்தே இந்த ஈடுபாடு தமிழர்களிடையே உண்டு; கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கிப் பல இளைஞர்களைத் தடத்துக்குக் கொண்டுவந்தார். 1995-ல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரிலேயே 2003-ல் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே தொடங்கியது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இயங்கும் 3.7 கிலோமீட்டர் தடமும் அந்த மரபின் தொடர்ச்சியே. மும்பையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஹெல்மெட் அணிந்து, மருத்துவ வண்டி காத்திருக்கும் இடத்தில் வேகத்தைப் பழகியவர், நள்ளிரவில் சயான்–டிராம்பே சாலையில் பழகியவரைவிடப் பல மடங்கு பொறுப்பானவர். ஆகவே எந்தத் தடத்தில், எந்த ஆண்டில், எத்தனை நாள் ஓட்டப்பட்டது, ஒவ்வொரு முறையும் திரும்பிய பின் என்னென்ன மாற்றப்பட்டன என்பதை ஒரு தாளில் எழுதி, பில்களோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுப்பதே முறை. விவரம் தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். விவரம் தெரியாதவரிடம் மறைப்பது அதைவிடப் பெரிய தவறு.

விவரம் தெரிந்தவர் எங்கெல்லாம் பார்ப்பார் என்பதைச் சற்று விரித்துச் சொல்லலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2322 என்றிருந்தால் அது 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தடத்தில் திருப்பங்களை வேகமாக எடுத்த டயரின் வெளி ஓரம் நடுப்பகுதியைவிட முன்பே தேய்ந்து, விளிம்பில் ரப்பர் சுருண்டு நிற்கும்; எவ்வளவு கழுவித் துடைத்தாலும் அந்தச் சுருள் போகாது. பிரேக் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அது கடுஞ்சூட்டின் தடயம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதும் இங்கே கருதத்தக்கது: டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது, அந்நிலையில் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். டிராம்பே கழிமுகத்தின் உப்புக்காற்றையும் மும்பை மழைக்காலத்தையும் பார்த்த வண்டிக்கு, விற்பதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றி அந்த பில்லை வைத்துக்கொள்வது பெரிய செலவல்ல. வாங்குபவர் முதல் நாளே அந்தப் பிரேக்கை நம்பித்தான் வண்டியில் ஏறப்போகிறார்.

அதே உப்புக்காற்று காயில்ஓவர்களையும் விட்டுவைப்பதில்லை. காயில்ஓவர் என்பது சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்து, திருகுமரையின் உதவியால் வண்டியின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம்தரும் அமைப்பு. அந்த மரைகளில் துருவும் சேறும் இறுகிவிட்டால் உயரத்தை மாற்றும் வசதியே பயனற்றுப்போகும். அப்போது அது வாங்குபவருக்கு விலையுயர்ந்த சுமை. சக்கரத்தைக் கழற்றி, கம்பித் தூரிகையால் மரைகளைத் துலக்கி, வளையம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே அதை விலையில் சேர்த்துப் பேசவேண்டும்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதிப்படுத்தி, கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்பீட்டிலும் இதே நிலைதான்: வழக்கமான கார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்துவதை விலக்கிவைக்கிறது, தெரிவிக்கப்படாத மாற்றங்களைக் காட்டி இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. சத்தமான சைலன்ஸரோடும் ரீமேப்போடும் வண்டியை அப்படியே கைமாற்றுவது, இந்தத் தண்டனையையும் மறுப்பையும் அறியாத ஒருவர் தலையில் ஏற்றுவதாகும்.

எனவே மாமனின் உறுதியான கருத்து, காரைப் பழைய நிலைக்குத் திருப்பியே விற்கவேண்டும் என்பதாகும். கழற்றிவைத்த அசல் சைலன்ஸர், அசல் ஸ்பிரிங், அசல் சக்கரங்கள் மருமகனிடம் இருக்கின்றன; அசல் நிரலை மீண்டும் ஏற்றுவது ரீமேப் செய்த கடையிலேயே முடியும் வேலை. நிரலைத் திருப்பினாலும் அது ஒருகாலத்தில் மாற்றப்பட்டிருந்தது என்ற உண்மை மறைந்துவிடாது, ஆகவே அதையும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கழற்றிய பாகங்களைத் தனித்தனியே விற்றால், வண்டியோடு சேர்த்து விற்பதைக் காட்டிலும் கூடுதலாகவே கிடைக்க வாய்ப்புண்டு. அவற்றின் அருமை தெரிந்தவர் மட்டுமே அவற்றைத் தேடி வருவார். தடத்துக்கென்றே வண்டி தேடுபவர், மாற்றங்களோடு முழுதாக வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அப்போது யோசிக்கலாம். அசல் பாகங்களை அப்போதும் அவரிடமே ஒப்படைத்துவிடவேண்டும்.

பேட்டையிலிருந்தே இரண்டு மூன்று பையன்கள் இந்த வண்டியைக் கேட்டிருப்பதாக மருமகன் எழுதியிருந்தார். அவர்களில் ஒருவனுக்கு லைசென்ஸ் வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன. ரொக்கம் தயாராக இருக்கிறது என்பது விற்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. உயரம் குறைக்கப்பட்ட, கூர்மையான, மிதித்தவுடன் பாயும் வண்டியை, தடம் எது தெரு எது என்று இன்னும் பிரித்துப் பார்க்கப் பழகாத வயதில் கையில் கொடுத்தால், அதன் விளைவைச் சுமப்பது அவனுடைய தாய் மட்டுமல்ல. ஈஸ்டர்ன் ஃப்ரீவே முகப்பில் சாலையைக் கடக்க நிற்கும் யாரோ ஒருவரும்தான். பத்து இருபதாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, முதிர்ந்த கைக்கே இந்த வண்டி போகவேண்டும் என்பதில் மாமனுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தது காகிதம். காகிதத்தின் வலிமையைச் சீத்தா கேம்ப்பில் பிறந்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்த மக்கள் கழிமுகத்தை ஒட்டிய இந்தச் சேற்று நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அன்று முதல் குடிசைவாசிகளின் அடையாள அட்டையான போட்டோ பாஸும் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருப்பதுதான் இங்குள்ள குடும்பங்களின் பாதுகாப்பு. அந்த ஜனதா காலனியிலிருந்து எழுந்து, 2000-ல் மக்சேசே விருது பெற்ற ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகளே தங்கள் வீடுகளைத் தாங்களே கணக்கெடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். வீட்டுக் காகிதத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் பேட்டையில், வண்டியை விற்கும்போது மட்டும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது வருத்தத்துக்குரிய வழக்கமாக இருக்கிறது.

அதன் விளைவை உச்ச நீதிமன்றத்தின் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. 2007-ல் விற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியது. பதிவில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. 2009-ல் அந்தக் காரால் நேர்ந்த விபத்தில் ஓர் உயிர் போனது. சட்டத்தின் 2(30) பிரிவின்படி யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவி, பணம், வண்டி மூன்றும் கைமாறிய பிறகும், பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் அது மருமகனின் கார்தான்.

ஆகவே முன்பணம் வாங்கும்போதே வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது. வங்கிக் கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கொண்டு பதிவிலிருந்து அடமானக் குறிப்பை முதலில் நீக்கவேண்டும். நிலுவையில் உள்ள இ-சலான்களைக் கட்டித் தீர்க்கவேண்டும். பிறகு, விற்பவர் தரும் அறிவிப்பான படிவம் 29-ஐயும், பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-ஐயும் வாங்குபவரின் முழுப் பெயர், முகவரியோடு நிரப்பி, நகல் எடுத்துக்கொண்டு, வடாலா ஆர்டிஓவில் சேர்க்கவேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும் வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாளுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. வண்டியைக் கேட்டுக் கோவையிலிருந்து பேசிய மெக்கானிக்கல் எஞ்சினியரே வாங்குவதானால், மும்பை ஆர்டிஓவிலிருந்து படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று (என்ஓசி) எடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் சாலை வரியை அவர் மீண்டும் கட்டவேண்டியிருக்கும் என்பதால், விலை பேசும்போதே அந்தத் தொகையைக் கணக்கில் கொள்வதுதான் நியாயம்.

ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மருமகன் பக்கத்து இருக்கையில் அமர்ந்தே செல்லவேண்டும். வண்டியின் வேகத்தைக் காட்டுவதற்குச் செம்பூர்ச் சாலைகள் இடமல்ல. டிஎஸ்ஜி மெதுவான நெரிசலில் குலுங்காமல் நகர்கிறதா என்பதைத்தான் அறிந்தவர் கவனிப்பார், அதற்கு மாலை நேரத்துச் சிக்னல் வரிசையே போதும்.

விற்பனை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, நோ கிளெய்ம் போனஸைத் தக்கவைக்கும் சான்றைக் கேட்டு வாங்கவேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி, அதிகபட்சம் 50 சதவீதம் வரை, வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. மூன்று ஆண்டுக்குள் வேறு கார் வாங்கினால் அதற்குப் பயன்படும். பெயர் மாறிவிட்டதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாரம் ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவரவேண்டும். மாறிய விவரம் தெரிந்த அன்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து, படிவங்களின் நகலோடு மாமியிடம் கொடுத்தால், வீட்டுக் காகிதங்கள் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
அன்பு மாமன்