ஓவர்குளொக்கிங்: வேகமும் வெப்பமும்

முறைவழியாக்கியை உற்பத்தியாளர் குறித்த மீடிறனிலும் கூடிய மீடிறனில் இயக்குதல் ஓவர்குளொக்கிங் எனப்படும்.

உதாரணம்: 1998 இல் வெளிவந்த இன்டெல் செலரோன் 300ஏ. தொகுதிப் பாட்டை 66 மெகாஹேட்ஸ், பெருக்கி 4.5. பாட்டையை 100 ஆக்கினால் 4.5 × 100 = 450 மெகாஹேட்ஸ். புதிய சில்லு வாங்காமலே கடிகார வேகம் 50% கூடியது!

இனி வெப்பத்தைக் கவனியுங்கள். இயங்கும்போது செலவாகும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதசமன். மீடிறனை 20%, வோல்ற்றளவை 10% கூட்டினால் வலு 1.2 × 1.1² ≈ 1.45 மடங்காகும். வேகமோ கூடியபட்சம் 1.2 மடங்கே.

குறிப்பு: "சில்லு எரியும்" என்று மட்டும் விடை எழுதாதீர்கள். இன்றைய சில்லுகள் மிகையாகச் சூடேறினால் வேகத்தைத் தாமே குறைக்கும் அல்லது நின்றுவிடும். நிற்காமல் இயங்கியபடியே பிழையாகக் கணித்து, கோப்புகளைப் பழுதாக்குவதே பெரிய ஆபத்து. உத்தரவாதம் இழக்கப்படலாம் என்பதையும் சேர்த்தெழுதுக.